ஐந்தாவது உறக்கப் பை

“இந்த லீவுக்கு நோர்வேக்குப் போவம். பிள்ளையளோட கூடாரம் அடிச்சு இருப்பம்” என்று என் கணவர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம். இரண்டாவதாக வந்தது சந்தேகம். சந்தோஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சுவிஸில், ஆராவ் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடிக்குப் பின்னால் காடு தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிஸ்காரர் குடும்பம் குடும்பமாக, கையில் தடியோடு அதற்குள் போவதை அவர் பல்கனியில் நின்று பார்ப்பார். “உவையளுக்கு வீட்டில கதிரை இல்லையோ?” என்பார். கிழமை முழுவதும் உணவகக் குசினியில் நின்ற நிலையில் வேலை செய்கிறவர். நடப்பதற்காக நடப்பதென்பது அவருக்குப் பைத்தியக்காரத்தனம். மழை தூறினால் குப்பைப் பையைக்கூட நாளைக்குப் போடலாம் என்று வைத்துவிடுவார். அப்படியான மனிதர் புட்டைக் குழைத்துக்கொண்டே ஏரி, துடுப்பு வள்ளம், மீன்பிடி, மலையேற்றம் என்று அடுக்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

பிள்ளைகளுக்கு வரவில்லை. மூத்தவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, இளையவளுக்கு எட்டு. மூத்தவள் கதிரையை விட்டு எழுந்தே விட்டாள். அவளுக்கு ஒரு பழைய மனக்குறை இருந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில் ஆசிரியை எல்லோரையும் வட்டமாக இருத்தி, எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்பாராம். ஒருத்தி பனிப்பாறையில் நடந்திருப்பாள். ஒருத்தன் கடலுக்கடியில் ஆமையைப் பார்த்திருப்பான். எங்கள் பிள்ளை லண்டனில் பெரியம்மா வீடு, பாரிஸில் சித்தப்பா வீடு, ஜெர்மனியில் மாமி வீடு என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள்.

“நாங்கள் நாடுகளுக்குப் போறேல்லை அம்மா. வீடுகளுக்குத்தான் போறம்” என்று ஒருமுறை அழுதிருக்கிறாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. எந்த நாட்டில் இறங்கினாலும் அதே சோபா, அதே தொலைக்காட்சித் தொடர், அதே ஆட்டிறைச்சிக் கறி. வெளியே எந்த நாடு இருக்கிறதென்று திரும்பி வரும்போது விமான நிலையத்தில்தான் தெரியும். ஆகவே அப்பா கூடாரம் என்றதும் அவள் காரணம் கேட்கவில்லை. ஓடிப்போய் வரைபடத்தோடு வந்தாள்.

எனக்குக் காரணம் வேண்டியிருந்தது. ஏனென்றால் நோர்வே என்பது எங்கள் வீட்டில் சும்மா வாயில் வருகிற சொல் இல்லை.

எனக்கு இரண்டு தம்பிமார். மூத்த தம்பி நோர்வேயின் வடக்கு ஓரத்தில், கடற்கரை ஊர் ஒன்றில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறான். இளையவன் வன்னியில் இருந்தான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

அதற்குப் பிறகு மூத்தவன் எவர் வீட்டுக்கும் போவதை நிறுத்திவிட்டான். கல்யாணவீடு, பெண்பிள்ளைகள் வயதுக்கு வரும் சாமத்தியவீடு, பிறந்தநாள் ஒன்றுக்கும் வருவதில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். எந்த வீட்டுக் கதவு திறந்தாலும், அவன் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னாலேயே யாராவது கேட்பார்கள்: “தம்பியைப் பற்றி ஏதும் அறிஞ்சனியோ?” அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த அன்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தொலைபேசியையும் எடுக்காமல் விட்டான். நான் விடாமல் அடித்தேன். ஒருநாள் எடுத்து, “அக்கா, நான் சுகமாய் இருக்கிறன். அடிக்காதை. நானே மெசேஜ் போடுறன்” என்று சொல்லி வைத்தான். சொன்னபடி செய்தான். தைப்பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே சொல்தான் இருக்கும்: சுகம்.

அந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு அந்தச் சொல் வரவில்லை. அழைத்துப் பார்த்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. மாசி போனது, பங்குனி போனது. அதன் பிறகுதான் என் கணவர் புட்டைக் குழைத்துக்கொண்டு நோர்வே என்றார்.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கெட்ட செய்தியை நேராகச் சொல்லமாட்டார்கள். ஆளை முதலில் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வழி முழுவதும் வேறு ஏதாவது காரணம் சொல்வார்கள், சிரிப்பார்கள், சாப்பாடு வாங்கிக் கொடுப்பார்கள். நான் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்த காலத்தில் சித்தப்பா ஒருநாள் சைக்கிளில் வந்தார். “அம்மா உன்னைப் பாக்க ஆசைப்படுறா” என்றார். ஒரு ரொஃபிக்குக்கூடக் கை நீளாத மனிதர், வழியில் கடையில் நிறுத்தி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். முடிந்ததும் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார். நான் இரண்டாவதையும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் சனம் நின்றதைக் கண்டபோதுதான் என்னைப் பெற்ற ஐயா செத்துப்போனார் என்று விளங்கியது. அன்றிலிருந்து யாராவது காரணமில்லாமல் என்னோடு நல்லபடி நடந்தால் எனக்குப் பயம் பிடித்துவிடும்.

இப்போது என் கணவர் நல்லபடி நடக்கத் தொடங்கியிருந்தார். வேலையால் வந்ததும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில், எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களைத் தவிர அவர் தேத்தண்ணி ஊற்றியதில்லை. நான் உப்பை மறந்துபோன கறியை “நல்லாயிருக்கு” என்று சாப்பிட்டார். என் அக்கா கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து நீண்ட நேரம் கதைத்தபோது முகத்தைச் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன்.

நேராகவே கேட்டேன். “இஞ்சருங்கோ, தம்பியிட்டையோ போறம்?”

“சீ. அவன் எங்கை, இது எங்கை.”

“அவனுக்கு ஏதும் நடந்ததோ?”

“உமக்கு விசர். பிள்ளையள் ஆசைப்படுதுகள், போறம். தேத்தண்ணி குடியும்.”

அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. பூச்சாடிக்குள் ஊற்றினேன்.

பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். மூத்தவளின் வகுப்புத் தோழி குடும்பம் நோர்வேயின் தெற்கில் ஒரு மரவீட்டில் தங்கியிருந்தார்களாம். பக்கத்திலேயே விளையாட்டிடம், கடை, குளியலறை எல்லாம் உண்டாம். பிள்ளை அங்கே போகலாம் என்றாள். இவர் மாட்டேன் என்றார். வடக்கில்தான் ஓர் ஏரியைக் காட்டினார். விரலை வைத்த இடத்திலிருந்து எடுக்கவே இல்லை.

“அப்பா, அதுக்கு இன்னொரு பிளேன் ஏறவேணும். பிறகு கார். ஏன் அவ்வளவு தூரம்?”

“அங்கைதான் மீன் கனக்க.”

மீன் முள்ளுக்குப் பயந்து இன்றுவரை நான் எடுத்துக் கொடுத்த சதையை மட்டும் சாப்பிடுகிற மனிதர் சொன்னது இது. அவர்கள் படுத்த பிறகு அந்த ஏரியிலிருந்து தம்பியின் ஊருக்கு விரலால் அளந்தேன். ஒரு சாண்கூட இல்லை. அப்போதே நான் முடிவுக்கு வந்துவிட்டேன். தம்பி செத்துப்போனான், அல்லது எங்கோ ஆஸ்பத்திரியில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறான். இவர் என்னைக் கூடாரம், மீன் என்று கூட்டிக்கொண்டுபோய் அங்கே வைத்துச் சொல்லப் போகிறார். நோர்வேதான் எனக்கு வாங்கித் தருகிற ஐஸ்கிரீம்.

அதற்குப் பிறகு ஏற்பாடுகள் நடக்க நடக்க, எல்லாவற்றிலும் எனக்கு அதுதான் தெரிந்தது.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் முறைநாள் உண்டு. திறப்பு, அந்த அறைச் சாவி, வீடு வீடாகக் கைமாறும். எங்கள் முறை எந்த நாள் என்று இவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. திடீரென்று, “நான் போட்டுக்கொண்டு வாறன்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தவறிப்போன ஒரு காலுறையைச் சாட்டாக வைத்து நானும் பின்னால் போனேன். கீழே சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான சின்ன யன்னலுக்குக் கீழ், தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார்.

“இல்லை, அவவுக்குத் தெரியாது... அங்கை வந்த பிறகு பாப்பம்... பிள்ளையளுக்கும் சொல்லேல்லை.”

நான் காலுறையோடு திரும்பி ஏறி வந்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் வெங்காயம் வெட்டுவதாகச் சொல்லி அழுதேன்.

கூடாரம் பழைய சாமான் கடையில் அகப்பட்டது. எங்கள் பிள்ளைகள் ‘ப்ரொக்கி’ என்று சொல்லும் அந்தக் கடையில், எந்தச் சுவிஸ் குடும்பமோ பிள்ளைகள் வளர்ந்த பிறகு கைவிட்ட கூடாரம். அடித்துப் பார்க்க வேண்டும் என்று மூத்தவள் ஒற்றைக்காலில் நின்றாள். கட்டடத்துக்கு முன்னால் இருக்கிற புல்தரையில் விரித்தோம். இவர் கம்பிகளோடு மல்லுக்கட்டினார். ஒரு பக்கம் எழும்பினால் மறுபக்கம் விழுந்தது. கட்டடப் பராமரிப்பாளர் வந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து, இங்கே யாராவது தங்கப் போகிறார்களா என்று கேட்டார். இல்லை, விடுமுறைக்குப் பழகுகிறோம் என்று மூத்தவள் அவருக்கு விளக்கினாள். அவர் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புல் பழுதாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய முகத்தில் இருந்த சந்தேகம் எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கதையை நம்பாத ஆள் நான் மட்டுமில்லை என்று ஆறுதல்.

“அங்கை இப்பிடி ஆரும் கேக்கமாட்டினம் அம்மா. நோர்வேயில எங்கை வேணுமெண்டாலும் கூடாரம் அடிக்கலாம். சட்டமே இருக்கு. வீடுகளுக்குக் கிட்ட மட்டும் அடிக்கக்கூடாது” என்றாள் மூத்தவள்.

“ஆருடைய காணியில?”

“ஆருடைய காணியெண்டாலும்.”

இங்கே உடுப்புத் தோய்க்கவே முறைநாள் பார்க்க வேண்டும். அங்கே ஊர் பேர் தெரியாத மனிதரின் காணியில் கேட்காமல் படுக்கலாமாம். அதுவும் அந்த மாதத்தில் அங்கே இருட்டே வராதாம், சூரியன் வானத்தைச் சுற்றிக்கொண்டே நிற்குமாம். ஒரு நாடு இவ்வளவு நல்லபடி நடந்தால் அதன் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

பயணப் பையில் அவருடைய வெள்ளை வேட்டியைக் கண்ட அன்று என் மிச்ச நம்பிக்கையும் போனது. கூடாரத்துக்குள் சாரம், அதுதான் லுங்கி, கட்டலாம், அதில் அதிசயம் இல்லை. வெள்ளை வேட்டி எதற்கு? எங்கள் ஆண்கள் வெள்ளை வேட்டியை எடுத்து வைப்பது கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. அந்த ஏரிக்கரையில் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை. வேட்டியை எடுத்து மணந்து பார்த்தேன், மடித்து வைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு தேத்தண்ணி வரும்.

ஆடி பிறக்கப் போகிற நாட்களில், பயணத்துக்குச் சற்று முன்னால், அரிசிப் பை எடுக்க நிலவறைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குரிய சின்ன அறையில் பயணச் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார். உறக்கப் பைகள் சுருட்டியபடி சுவரோரம் நின்றன. பிள்ளைகள் அதை ஷ்லாஃப்சாக் என்பார்கள். இளையவளுடையது மஞ்சள். மூத்தவளுடையது நீலம். எங்கள் இரண்டும் சாம்பல் நிறம். அதற்குப் பின்னால், பழைய போர்வையால் மூடி, இன்னொன்று.

போர்வையைத் தூக்கினேன். புத்தம் புதிது, மற்றவை எல்லாவற்றையும்விடப் பெரிது. அவிழ்த்து நிலத்தில் விரித்தேன். சுவரிலிருந்து கதவு வரை வந்தது. கணவர்மாரைப் பற்றி எந்தப் பெண்ணும் நினைக்கிற மாதிரி ஒரு கணம் வேறு விதமாகவும் நினைத்தேன். ஆனால் இவருக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் அவ்வளவு நீளம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் அவ்வளவு நீளம் ஒருவன்தான். வாசல் நிலையில் எப்போதும் தலையை இடித்துக்கொள்கிறவன்.

செத்தவனுக்கு உறக்கப் பை வாங்கமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கும் வாங்கமாட்டார்கள். நான் அந்தக் குளிர்ந்த சீமெந்துத் தரையில், பையின் மேலேயே குந்தியிருந்தேன். சிரிப்பு வந்தது. அது முடியுமுன் கோபம் வந்தது. மாதக்கணக்காக உயிரோடு இருக்கிறவனுக்காக அழுதிருக்கிறேனே என்ற கோபம். பையைச் சுருட்டத் தெரியாமல் அப்படியே அள்ளிக்கொண்டு உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனேன். எதிர்பார்த்தபடி அங்கேதான் நின்றார். அதை இயந்திரத்தின் மேல் போட்டேன்.

“இது ஆருக்கு?”

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அவன் நெட்டையன். சாதாரண சைஸ் காணாது எண்டு கடையில சொன்னவை” என்றார்.

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சத்தத்துக்குள் எல்லாவற்றையும் சொன்னார். தம்பி பொங்கலுக்குச் சுகம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறான். எழுத மனம் வரவில்லை. பொய் எழுதக்கூடாதென்று விட்டுவிட்டான். பிறகு ஒருநாள் அவனாகவே அத்தானுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். எடுத்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் இருந்தானாம். இவரும் வைக்காமல் இருந்தாராம். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டபோது, வீடு என்றால் வரமாட்டேன் என்றானாம்.

“அப்ப வெளியில சந்திப்பமோ எண்டு கேட்டன். வெளியெண்டால் பாப்பம் எண்டான். எனக்கு வெளி எண்டா என்ன தெரியும்? அதுதான் கூடாரம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நீர் அண்டைக்கே கனடாவுக்கு அடிப்பீர். கனடா லண்டனுக்கு அடிக்கும். லண்டன் பாரிசுக்கு அடிக்கும். பிறகு அந்த ஏரிக்கரையில கலியாணவீட்டுச் சனம் நிக்கும்.” பிறகு சொன்னார்: “அதோட, அவன் வருவான் எண்டு எனக்கே நிச்சயம் இல்லை. நீர் நம்பி வந்து, அவன் வராட்டி?”

அந்த உறக்கப் பையால் அவருக்கு ஓர் அடி போட்டேன். பஞ்சு, நோகாது. பிறகு அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதேன். வேட்டி எதற்கென்று கேட்டேன். பெரிய பிள்ளைக்கு உடுப்பு மாற்றக் கூடாரத்துக்குள் மறைப்பு வேண்டும் என்று நான்தானே சொன்னேனாம்.

“அவன் ஒண்டே ஒண்டுதான் சொன்னவன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கக்கூடாதாம். முக்கியமாய் அக்கா.”

“நான் கேக்கமாட்டன்.”

“நீரோ?” என்று அவர் என்னைப் பார்த்தார். அன்று தொடக்கம் சந்தேகப்படுவது அவருடைய முறையானது.

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. கேள்வி இல்லாமல் நான் எப்படி ஒருவரை வரவேற்பேன்? சுகமோ, எப்ப வந்தனி, சாப்பிட்டியோ, ஏன் மெலிஞ்சுபோனாய்? எங்கள் வீடுகளில் வரவேற்பு என்றாலே விசாரணைதான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, கேள்வி வராத வசனங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மூன்றுக்கு மேல் அகப்படவில்லை. நாட்கணக்கில் பழுதாகாத பருத்தித்துறை வடை சுட்டு டப்பாவில் அடைத்தேன். மிளகாய்த்தூள், அரிசி, சின்னச் சட்டி எல்லாவற்றையும் வைத்தேன். கனடாவிலிருந்து அக்கா எடுத்தபோது, லீவுக்கு எங்கும் போகவில்லை, பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன். கனடாவுக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

ஓஸ்லோவில் விமானம் மாற வேண்டியிருந்தது. அங்கே கணவரின் ஒன்றுவிட்ட தங்கை குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லாமல் அந்த நாட்டில் கால் வைப்பது எங்கள் வழக்கத்தில் மன்னிக்க முடியாத குற்றம். நான் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, கறுப்புத் தலை தெரிந்த பக்கமெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். மூத்தவள், “அம்மா, நீங்கள் களவெடுத்த ஆள் மாதிரி நடக்கிறீங்கள்” என்றாள்.

ஏரி உண்மையாகவே அழகாக இருந்தது. அது என்னை மேலும் பதறவைத்தது. கேட்காமல் கூடாரம் அடித்தோம், ஒருவரும் வந்து விரட்டவில்லை. நான் மட்டும் காணிக்காரனை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். நுளம்பு பிடுங்கி எடுத்தது. பிள்ளைகள் தலையில் கொசு வலையைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள், கல்லில் ஏறினார்கள், வாடகை வள்ளத்தில் துடுப்புப் போட்டார்கள். மூத்தவள் ஒவ்வொன்றையும் தன் வகுப்பு வட்டத்துக்காகப் படம் எடுத்தாள். இவர் புதுத் தூண்டிலோடு ஒரு கல்லில் நின்று திரும்பத் திரும்பக் கரையோரப் பற்றைச் செடியைப் பிடித்தார்.

தம்பி வருவதாகச் சொன்ன நாளில் காலையில் வரவில்லை. மத்தியானம் சோறும் பருப்பும் ஆக்கினேன். ஐந்தாவது பையைக் கூடாரத்தில் வாசலோரம் விரித்தேன். பிறகு எடுத்துச் சுருட்டினேன். கண்டால் பொறி வைத்தது போல நினைப்பானோ என்று பயம்.

பின்னேரம் மேலே தெருவில் ஒரு கார் வந்து நின்றது. இயந்திரம் அணைந்தது. கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால், கூரையில் முட்டுகிற மாதிரி ஒரு தலை தெரிந்தது. நான் எழுந்தேன்.

“போகாதையும். அவனாய் வரட்டும்” என்றார் கணவர்.

கார் நின்றது, நாங்களும் நின்றோம். அவன் திரும்பவும் காரைக் கிளப்பிவிடுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஒன்றும் தெரியாத இளையவள், வலையைத் தலையில் போட்டபடி, மேட்டில் ஏறி அந்தக் காரடிக்கே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அவள் அவனை முன்னர் கண்டதில்லை.

“நீங்கள் தமிழோ?”

“ஓம்” என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது.

“எங்கட அப்பாவுக்குத் தூண்டில் போடத் தெரியாது. நீங்கள் காட்டித் தருவீங்களோ?”

கதவு திறந்தது. அவன் இறங்கி, இறங்கி, இறங்கி வந்தான். முன்தலை நரைத்திருந்தது. எனக்கு முன்னால் வந்து நின்றான். ஏன் நரைத்தது, ஏன் இப்படி மெலிந்தாய், ஏன் எடுக்கவில்லை, எல்லாம் தொண்டை வரை வந்தன. பழகி வைத்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

“இஞ்சை நுளம்பு கனக்க” என்றேன்.

“ஓம் அக்கா. காத்து அடிச்சாப் போயிடும்” என்றான்.

அவன் எங்களோடு தங்கினான். தூண்டில் போடக் காட்டிக் கொடுத்தான். பிள்ளைகள் பிடித்த மீனை அவனே கீறிக் கழுவி, முள்ளெடுத்து அத்தானுக்குக் கொடுத்தான். வடையைச் சத்தமில்லாமல் தின்று முடித்தான். உறக்கப் பை அவனுக்கு அளவாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கணவர் நான் வாய் திறக்கும்போதெல்லாம் இருமினார். ஒருநாள் இளையவள் கல்லில் ஏறி நின்று, அந்தப் பச்சைத்தண்ணீருக்குள் குதிக்கப் பயந்து இறங்கினாள். திரும்ப ஏறினாள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சின்னவன் இஞ்சை வந்திருந்தா முதல் ஆளாய்க் குதிச்சிருப்பான்.”

காணாமல்போன எங்கள் தம்பியைப் பற்றி ஆண்டுக்கணக்காக அவன் வாயில் வராத பேச்சு அது. ஒருவரும் கேட்காதபடியால் வந்தது. “ஓம்” என்றேன்.

புறப்படுகிற அன்று அவன் பையை நன்றாகச் சுருட்டிக் கட்டி, அத்தானிடம் நீட்டினான். “இதை உங்கட வீட்டிலயே வையுங்கோ” என்றான். காரில் ஏறிப் போய்விட்டான்.

அந்த வார்த்தை என்னை ஆராவ் வரை தின்றது. நாங்கள் வாங்கிக் கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பித் தந்தானா? இல்லை, எங்கள் வீட்டில் தன்னுடைய பொருள் ஒன்று இருக்கட்டும் என்றானா? விமானத்தில் கணவரை எழுப்பிக் கேட்டேன்.

“ரெண்டு விதமாயும் எடுக்கலாம். நித்திரை கொள்ளும்” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கண்ணை மூடினார்.

வீடு வந்ததும் மற்ற நான்கு பைகளும் நிலவறைக்குப் போயின. ஐந்தாவதை நான் விடவில்லை. கீழே ஈரம் பிடிக்கும் என்று சொல்லி, விருந்தாளிகளின் தலையணை வைக்கிற அலுமாரியில் வைத்தேன். பள்ளிக்கூடம் தொடங்கி மூத்தவள் வட்டத்தில் தன் கதையைச் சொல்லிவிட்டு வந்தாள். என் சந்தேகம் மட்டும் தீரவில்லை. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பையைப் பார்ப்பேன், ஒருநாள் ஒரு விதமாகவும் மறுநாள் மறு விதமாகவும் நினைப்பேன்.

தீபாவளிக்கு அவனுடைய செய்தி வந்தது. வழக்கமான அந்த ஒரு சொல் அதில் இல்லை.

“அந்தப் பை கிடக்கோ?” என்று கேட்டிருந்தான்.

எப்ப வாறாய், எத்தனை நாள் நிற்பாய், எந்த விமானம், என்ன சமைக்க, என்று என் விரல்கள் தானாகவே எழுதத் தொடங்கின. எல்லாவற்றையும் அழித்தேன்.

“கிடக்கு” என்று எழுதி அனுப்பினேன்.